மார்க்கர் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பாட்காஸ்ட் எடிட்டிங், பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது என்று என் பிழைப்பு ஓடுகிறது. கற்றுக்கொள்ள வருகிறவர்களும் வாட்சப்பில் சந்தேகம் கேட்கிறவர்களும் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் மார்க்கரில்தான் வந்து முட்டிக்கொள்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். ஒலி எடிட் செய்யும் மென்பொருள்களில் நான் தினமும் புழங்குவது ஆடாசிட்டியும் ரீப்பரும், அவ்வப்போது அடோபி ஆடிஷன். பதில்கள் இந்த மூன்றை வைத்துத்தான். ஆடாசிட்டி என்று நான் சொல்வது அதன் 3-ஆம் வரிசைப் பதிப்புகளை.

1. மார்க்கர்னா என்ன சார்? போட்டா சவுண்டுல ஏதாவது மாறிடுமா?

எதுவும் மாறாது. தையல்காரர் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போடுகிறார் அல்லவா, அதே வேலைதான். கோடு போட்டதால் துணி வெட்டுப்படுவதில்லை. எங்கே வெட்டவேண்டும், எங்கே மடிக்கவேண்டும் என்று பிறகு தெரிந்துகொள்ள ஓர் அடையாளம், அவ்வளவே.

ஒரு மணி நேரப் பேட்டியை முதல் தடவை கேட்கும்போதே 23-ஆவது நிமிடத்தில் இருமல், 41-இல் அதே பதில் இரண்டாம் முறை என்று குறி வைத்துக்கொண்டே போய்விட்டால், வெட்ட உட்காரும்போது நேரே அங்கங்கே குதிக்கலாம். குறி வைக்காதவர் அந்த இருமலைத் தேடி மறுபடியும் ஒரு மணி நேரம் கேட்பார்.

2. ஒருத்தர் லேபிள்ங்கறார், ஒருத்தர் ரீஜன்ங்கறார், இன்னொருத்தர் கியூங்கறார். எல்லாம் ஒண்ணா?

வகை இரண்டுதான். ஓர் இடத்தைக் குறிப்பது ஒன்று, இங்கிருந்து இதுவரை என்று ஒரு நீளத்தைக் குறிப்பது இன்னொன்று. ஆடாசிட்டி இரண்டையும் லேபிள் என்றே அழைக்கிறது. ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் போட்டால் புள்ளி லேபிள், ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போட்டால் நீள லேபிள். ரீப்பரில் புள்ளிக்கு மார்க்கர், நீளத்துக்கு ரீஜன். ஆடிஷனில் இரண்டும் மார்க்கர்தான், நீளமானதற்கு ரேஞ்ச் என்று ஒரு முன்னொட்டு.

கியூ என்பது வேவ் (.wav) ஒலிக்கோப்புக்குள் குறி எழுதப்படும் அறையின் பெயர். அது 13-ஆம் கேள்வியில் வரும். இந்தப் புள்ளி, நீளம் வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுகளைப் பிரிக்கும்போது பலர் சறுக்குவது அங்கேதான்.

3. எந்தக் கீயை அழுத்தணும்னு மட்டும் சொல்லுங்க.

ஆடாசிட்டியில் கண்ட்ரோல் பி. இது கர்சர் இருக்கும் இடத்தில் லேபிள் போடும். ஓடிக்கொண்டிருக்கும்போது போட வேண்டுமானால் கண்ட்ரோல் எம். மேக்கில் கமாண்டோடு முற்றுப்புள்ளிச் சாவி. பெயரை அடித்து என்டர் தட்டவும். ரீப்பரில் வெறும் எம் போதும். ஷிஃப்ட் எம் அடித்தால் பெயர் கேட்கும். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் ஆர் அடித்தால் ரீஜன். ஆடிஷனிலும் எம்தான்.

ரீப்பரில் அடுத்த குறிக்குப் போக ], முந்தையதற்கு [. ஆடாசிட்டியில் ஆல்ட்டோடு வலது, இடது அம்புச் சாவிகள். இந்தக் குதிக்கும் சாவிகள் தெரியாமலேயே குறி போட்டுவிட்டு, அப்புறம் மவுஸால் உருட்டி உருட்டித் தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

4. கேட்டுக்கிட்டே அழுத்துறேன். ஆனா மார்க்கர் எப்பவுமே கொஞ்சம் தள்ளித்தான் விழுது. கீபோர்டு பிரச்சனையா?

கீபோர்டு நல்லாத்தான் இருக்கிறது. காது கேட்டு, மூளை முடிவெடுத்து, விரல் இறங்குவதற்குள் கால் நொடியாவது போய்விடும். அசதியாக இருந்தால் அரை நொடி. பேச்சில் அரை நொடி என்பது ஒரு முழுச் சொல்.

ஓடும்போது போடும் குறியை நான் தோராயக் குறி என்றே வைத்துக்கொள்கிறேன். வெட்டும்போது அங்கே குதித்து, அலைவரியை, அதாவது ஒலி திரையில் வரைபடமாகத் தெரிவதைப் பெரிதாக்கி, குறிக்குச் சற்று இடதுபுறம் பார்த்தால் விஷயம் அங்கேயே இருக்கும். துல்லியம் தேவைப்படும் குறி என்றால், அதாவது அதை வைத்துத்தான் கோப்பைப் பிரிக்கப்போகிறோம் என்றால், ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கர்சரைக் கையால் வைத்துப் போடுங்கள்.

5. நான் மைக் முன்னாடி படிச்சிட்டிருப்பேன், கம்ப்யூட்டர் பக்கத்து ரூம்ல. அப்ப எப்படி மார்க்கர் போடுறது?

கையைத் தட்டுங்கள். நிஜமாகவே சொல்கிறேன். ஒலிப்புத்தகம் படிக்கும்போது வரி தடுக்கினால் ஒரு நொடி நிறுத்தி, ஒரு தட்டு தட்டி, வரியை முதலிலிருந்து மறுபடி படியுங்கள். பேச்சின் அலைவரி மேடும் பள்ளமுமாகப் போகும். கைத்தட்டல் மட்டும் ஒற்றை ஆணி அடித்த மாதிரி நேர்க்கோடாக எழுந்து நிற்கும். கோப்பு முழுவதையும் திரையில் சுருக்கி வைத்தாலும் எத்தனை இடத்தில் தடுக்கினீர்கள் என்று கண்ணாலேயே எண்ணிவிடலாம்.

வெளிநாட்டு வாசிப்பாளர்களில் சிலர் நாய் பழக்க வைத்திருக்கும் கிளிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்கிறார்கள். அதெல்லாம் வாங்க வேண்டாம். மைக்கை ஒட்டி மட்டும் தட்டாதீர்கள், ஒலி உச்சவரம்பில் முட்டி உடையும். கையடக்கப் பதிவுக் கருவிகள் சிலவற்றில் பதிவு ஓடும்போதே குறி போடும் பொத்தான் உண்டு. அது வேவ் வடிவத்தில் பதியும்போது மட்டும் வேலை செய்கிறதா என்று கருவியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. பேர் என்ன வைக்கிறது? நான் 1, 2, 3ன்னு விட்டுடுறேன்.

விடலாம், இன்றைக்கே எடிட் முடிப்பதாக இருந்தால். பத்து நாள் கழித்துத் திறந்தால் 17 என்ன, 18 என்ன என்று உங்களுக்கே தெரியாது. நான் முதலெழுத்தில் வகையை வைக்கிறேன். வெ என்றால் வெட்டு, ச என்றால் சரிபார், ந என்றால் நல்ல இடம், முன்னோட்டத்துக்கு எடுக்கலாம். அப்புறம் இரண்டு சொல்லில் விவரம்: "வெ நாய் குரைப்பு", "ச ஊர்ப்பெயர் சரியா". பட்டியலை வரிசைப்படுத்தினால் வெட்டுகள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்.

7. நடுவுல ஒரு பகுதியை வெட்டினேன். மார்க்கர் எல்லாம் நகராம அதே இடத்துல நிக்குது, பேச்சு மட்டும் முன்னாடி வந்திடுச்சு. எல்லாம் போச்சா?

மார்க்கர் பற்றிய சந்தேகங்களில் பாதிக்கு இதுவே தாய். குறி வைக்கும்போது "இது எதோடு ஒட்டியிருக்கிறது?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அது காலக்கோட்டோடு ஒட்டியிருக்கலாம், ஒலித்துண்டோடு ஒட்டியிருக்கலாம், கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கலாம். நாம் எல்லோரும் பேச்சோடு ஒட்டியிருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். மென்பொருள் பெரும்பாலும் கடிகாரத்தோடு ஒட்டி வைக்கிறது.

ஆடாசிட்டியில் லேபிள்கள் தனி ட்ராக்கில், அதாவது ஒலிக்குப் பக்கத்தில் ஓடும் தனி வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. 5:00 முதல் 5:40 வரை ஒலி ட்ராக்கில் மட்டும் வெட்டினால், 12:00-இல் இருந்த பேச்சு 11:20-க்கு வந்துவிடும். லேபிள் 12:00-இலேயே நிற்கும். ட்ராக்ஸ் மெனுவில் சிங்க்-லாக் ட்ராக்ஸ் என்பதை டிக் செய்துவிட்டு வெட்டுங்கள். ட்ராக்கில் சின்னக் கடிகாரப் படம் தெரிந்தால் பூட்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். லேபிள் ட்ராக் ஒலி ட்ராக்குக்குக் கீழே இருக்கவேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒரே கூட்டம். மேலே தூக்கி வைத்துவிட்டு "பூட்டியும் நகரலையே" என்று கேட்டவர்கள் உண்டு.

ரீப்பரில் இது ரிப்பிள் எடிட்டிங்கின் பொறுப்பு, அதாவது வெட்டினால் பின்னால் இருப்பதையும் சேர்த்து நகர்த்தும் வசதி. எல்லா ட்ராக்கும் என்ற நிலையில் வைத்தால் மார்க்கர்களும் சேர்ந்து நகரும். ஒரு ட்ராக் மட்டும் என்ற நிலையில் அவை நகராது. எங்கே தூக்கிப் போட்டாலும் குறி அந்தச் சொல்லோடேயே போகவேண்டும் என்றால் டேக் மார்க்கர் போடுங்கள். அது ஒலித்துண்டின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே குழம்பிவிட்டதா? முதலில் அன்டூ. அன்டூவுக்கு வழியில்லையென்றால் அடுத்த கேள்வி.

8. எபிசோடு முடிச்ச பிறகு முன்னாடி 8 நொடி இசை சேர்த்தேன். 60 லேபிளையும் ஒண்ணொண்ணா நகர்த்தணுமா?

வேண்டாம். ஆடாசிட்டியின் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் அதர், அதில் எக்ஸ்போர்ட் லேபிள்ஸ். ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு வரும். திறந்து பார்த்தால் ஒவ்வொரு வரியும் இப்படி இருக்கும்:

612.480000   612.480000   வெ இருமல்

முதல் எண் தொடக்கம், இரண்டாவது முடிவு, இரண்டும் நொடியில். நடுவில் இருப்பவை டேப் இடைவெளிகள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதால் இது புள்ளி லேபிள். இந்தக் கோப்பை எக்செலில் திறந்து, முதல் இரண்டு பத்தியிலும் 8 கூட்டி, மறுபடி டேப் பிரித்த எழுத்துக் கோப்பாகவே சேமியுங்கள். ஆடாசிட்டியில் இம்போர்ட் லேபிள்ஸ் கொடுத்தால் புதிய லேபிள் ட்ராக்காக வந்து உட்காரும். பழையதை நீக்கிவிடலாம்.

7-ஆம் கேள்வியின் குழப்பத்துக்கும் இதே மருந்துதான். அங்கே வெட்டிய இடத்துக்குப் பிறகு வரும் வரிகளில் மட்டும் 40-ஐக் கழிக்கவேண்டும். இந்த எழுத்துக் கோப்பைத் தெரிந்துவைத்திருப்பது பெரிய சொத்து. நேரக்குறிப்போடு யாராவது ஒரு பட்டியல் அனுப்பினால்கூட இதே வடிவத்துக்கு மாற்றி லேபிளாக உள்ளே இழுத்துவிடலாம்.

9. அந்தக் கோப்பை எக்செல்ல திறந்தா தமிழ் எல்லாம் புரியாத குறியா வருது.

கோப்பில் தமிழ் பத்திரமாக இருக்கிறது. அது யூடிஎஃப்-8 முறையில் எழுதப்பட்டது, எக்செல் வேறொன்றாக எண்ணிப் படிக்கிறது. இரட்டை கிளிக் செய்து திறக்காமல், டேட்டா பகுதியில் எழுத்துக் கோப்பிலிருந்து எடு என்ற வழியாகப் போய் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். சேமிக்கும்போதும் அதே கவனம் வேண்டும். கூகுள் ஷீட்ஸில் இந்தத் தொந்தரவு இல்லை.

10. கச்சேரி கேசட் ஒரு பக்கம் பூரா ஒரே கோப்பா இருக்கு. பாட்டுப் பாட்டா பிரிக்க முடியுமா?

இதற்காகவே மார்க்கர் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அதிகம். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் புள்ளி லேபிள் போட்டுப் பாட்டின் பெயரை எழுதுங்கள். பிறகு எக்ஸ்போர்ட் ஆடியோ சாளரத்தில் பல கோப்புகளாக, லேபிள்படி பிரி என்று கொடுத்தால் லேபிள் பெயரே கோப்புப் பெயராகி எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். பெயருக்கு முன்னால் எண் சேர்க்கும் வசதியையும் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் பிளேயர் அகரவரிசையில் பாடும், மங்களம் நடுவில் வரும்.

இனி 2-ஆம் கேள்வியில் சொன்ன வித்தியாசம். புள்ளி லேபிள் என்றால் ஒரு கோப்பு அந்த லேபிளில் தொடங்கி அடுத்த லேபிள் வரை போகும், எதுவும் விடுபடாது. நீள லேபிள் என்றால் அந்த நீளம் மட்டும்தான் வரும், இரண்டு லேபிள்களுக்கு நடுவில் இருப்பது எந்தக் கோப்பிலும் இருக்காது. பாடகர் நடுவில் பேசிய நாலு வார்த்தையைத் தேடி ஒருவர் அலைந்தது இதனால்தான். முதல் லேபிளுக்கு முன்னால் இருக்கும் ஒலியும் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு டிக் இருக்கிறது. பெயரில் சாய்கோடு, கேள்விக்குறி, முக்காற்புள்ளி வேண்டாம். விண்டோஸ் அவற்றைக் கோப்புப் பெயரில் ஏற்காது.

ஆலாபனை எங்கே முடிகிறது, தனி ஆவர்த்தனம் எங்கே தொடங்குகிறது என்றெல்லாம் குறித்துவைக்க ஆசையென்றால் இரண்டாவதாக ஒரு லேபிள் ட்ராக் வைத்துக்கொண்டு அதில் எழுதுங்கள். பிரிக்கும் நேரத்தில் அதை நீக்கிவிட்டு, ஏற்றுமதி முடிந்ததும் அன்டூ. அந்த ட்ராக் மேலே இருந்துவிட்டால் ஒரு ராகம் மூன்று துண்டாகிவிடக்கூடும்.

11. அதையே தானா கண்டுபிடிச்சுப் போட வழியில்லையா?

உண்டு. ஆடாசிட்டியின் அனலைஸ் மெனுவில் லேபிள் சவுண்ட்ஸ். ஓர் அளவுக்குக் கீழே ஒலி போனால் அதை மௌனம் என்று எடுத்துக்கொண்டு, மௌனத்துக்கு நடுவே வரும் ஒலிகளுக்கு லேபிள் போடும். அறையில் பதிந்த பேச்சுக்கும் இசைத்தட்டுக்கும் நன்றாகவே வேலை செய்யும். யாரும் பேசாத இடத்தை முதலில் அளந்துபார்த்து அதற்குச் சற்று மேலே வரம்பை வையுங்கள்.

கச்சேரிப் பதிவில் இது பலிக்காது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள்: மௌனம் எங்கே இருக்கிறது? பாட்டு முடிந்ததும் கைத்தட்டல், அது அடங்கினால் தம்புரா, அதன்மேல் வயலின்காரர் சுருதி பார்க்கிறார், சபையில் இருமல். தம்புரா நிற்காதவரை மென்பொருளுக்குப் பாட்டு முடியவில்லை. இங்கே கண்ணும் காதும்தான். கைத்தட்டல் அலைவரியில் அடர்ந்த புதர் மாதிரி தெரியும், அதைப் பிடித்துக்கொண்டு போனால் 45 நிமிடத்துக்குப் பத்து நிமிட வேலை.

12. பிரிச்ச பாட்டு தொடங்கும்போது 'டப்'னு ஒரு சத்தம். ஆனா ஒரிஜினல்ல இல்லையே?

அலை மேலே இருக்கும்போது வெட்டினால், ஸ்பீக்கர் சும்மா இருந்த நிலையிலிருந்து திடீரென்று அந்த உயரத்துக்குத் தாவவேண்டியிருக்கிறது. அந்தத் தாவல்தான் டப். முழுப் பதிவில் அது தொடர்ச்சியின் நடுவே இருந்ததால் கேட்கவில்லை. ஆடாசிட்டியில் இடத்தைத் தேர்ந்தெடுத்து இசட் அழுத்தினால் அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் பக்கத்துப் புள்ளிக்கு நகரும். அதற்குப் பிறகு லேபிள் போடுங்கள். ஸ்டீரியோவில் இடமும் வலமும் ஒரே நேரத்தில் பூஜ்யத்தைக் கடப்பது அபூர்வம், ஆகவே இது முழுத் தீர்வல்ல. பிரித்த கோப்புகளின் தொடக்கத்தில் ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்குக்கு ஃபேட் இன் கொடுத்தால், அதாவது ஒலியைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றினால் தீர்ந்தது.

13. வேவ் கோப்பை நண்பருக்கு அனுப்பினேன். நான் போட்ட மார்க்கர் ஒண்ணுகூட அவருக்குத் தெரியலையாம்.

ஆடாசிட்டியில் போட்டிருந்தால் தெரியாது. லேபிள்கள் ப்ராஜெக்ட் கோப்பில்தான் இருக்கின்றன, ஏற்றுமதி செய்யும் வேவில் அது அவற்றை எழுதுவதில்லை. 8-ஆம் கேள்வியில் சொன்ன எழுத்துக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.

வேவ் வடிவத்தில் குறிகளுக்கு இடம் 1991-இல் அதை வகுத்தபோதே ஒதுக்கப்பட்டது. கியூ என்ற அறையில் இடமும், அதனோடு சேர்ந்த பட்டியலில் பெயரும் எழுதப்படும். ஆடிஷன், ரீப்பர் இரண்டாலும் அதை எழுத முடியும், ஆனால் சேமிக்கும் சாளரத்தில் மார்க்கர்களைச் சேர் என்ற டிக் இருக்கவேண்டும். ஆடிஷனில் இன்னொன்று: மல்டிட்ராக்கில் போடும் குறி அந்த செஷனுக்குச் சொந்தம், வேவ்ஃபார்ம் பார்வையில் போடும் குறி கோப்புக்குச் சொந்தம்.

அந்த டிக்கை மறந்து நான் பட்டது ஒன்று. மூன்று மணி நேர வாய்மொழி வரலாற்றுப் பேட்டி, 140 குறி. ராத்திரி ஒரு மணிக்குச் சேமித்து மூடினேன். காலையில் திறந்தால் வெறும் அலைவரி. ஒரு நாள் முழுக்க மறுபடி கேட்டேன். இப்போது குறிகளைத் தனிப் பட்டியலாகவும் ஒரு தடவை வெளியே எடுத்துவைக்காமல் எழுந்திருப்பதில்லை.

14. மார்க்கர் இருக்கு, ஆனா எல்லாம் நழுவிக் கிடக்கு. போகப் போக இன்னும் அதிகமா நழுவுது.

கடைசியில் சொன்ன அந்தத் தகவலே நோயைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எல்லாக் குறியும் ஒரே அளவு நழுவியிருந்தால் எங்கோ வெட்டு அல்லது சேர்ப்பு நடந்திருக்கிறது, 7-ஐயும் 8-ஐயும் பாருங்கள். போகப் போகக் கூடினால் சாம்பிள் வீதம், அதாவது ஒரு நொடி ஒலியை எத்தனை துளியாக அளந்து எழுதுகிறோம் என்ற கணக்கு மாறியிருக்கிறது.

வேவுக்குள் குறி நிமிடக் கணக்கில் எழுதப்படுவதில்லை, எத்தனையாவது சாம்பிள் என்றே எழுதப்படுகிறது. நொடிக்கு 44,100 சாம்பிள் உள்ள கோப்பில் பத்தாவது நிமிடம் என்பது 2,64,60,000-ஆவது சாம்பிள். யாரோ வீடியோவுக்காக அதை 48,000-க்கு மாற்றும்போது அந்த மென்பொருள் இந்த எண்ணையும் சேர்த்து மாற்றாமல் விட்டால், அதே எண் இப்போது 9 நிமிடம் 11.25 நொடியில் விழும். ஒரு மணி நேரக் குறி 55 நிமிடம் 7.5 நொடிக்கு வந்துவிடும். மறுதிசையில் மாற்றியிருந்தால் பத்தாவது நிமிடக் குறி 10:53 பக்கம் தள்ளிப்போகும். உங்கள் கோப்பில் இந்த எண்கள் பொருந்தினால் சந்தேகமே வேண்டாம். வீதத்தை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் குறி போடுவதுதான் நிம்மதி.

15. ரீப்பர்ல டெம்போவைத்தான் மாத்தினேன். மார்க்கர் ஏன் ஓடிப்போச்சு?

மறுபடியும் 7-ஆம் கேள்விதான், ஆனால் இங்கே கடிகாரத்துக்குப் பதில் தாளம். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்பேஸ் பீட்ஸ் என்று இருந்தால், மார்க்கர் நொடியைப் பிடித்துக்கொள்ளாமல் 17-ஆவது பாரின் (தாளச் சுற்றின்) முதல் அடியைப் பிடித்துக்கொள்கிறது. டெம்போ மாறினால் அந்த அடி இருக்கும் நேரம் மாறும், மார்க்கரும் கூடவே போகும். பாட்டு அமைப்பவருக்கு அது சரி. பேச்சு எடிட் செய்பவர் டைம் என்று மாற்றிவிட்டு டெம்போ பக்கமே போகாமலிருக்கலாம்.

16. இந்த மார்க்கரையே பாட்காஸ்ட் சாப்டரா ஆக்க முடியுமா?

முடியும், ஆனால் தானாக ஆகிவிடாது. சாப்டர் என்பது கேட்பவர் நேரே குதிக்கும்படி நிகழ்ச்சியைப் பெயரிட்டுப் பிரித்த பகுதி. எம்பி3-இல் சாப்டர் எழுதும் முறை 2005-இல் ஐடி3 குறிப்புகளோடு, அதாவது கோப்புக்குள் தலைப்பு, பாடியவர் பெயர் எல்லாம் எழுதிவைக்கும் முறையோடு சேர்க்கப்பட்டது. நேரம் மில்லிநொடியில் எழுதப்படும். ரீப்பரில் ரெண்டர் மெட்டாடேட்டா வழியாக இதைச் செய்யலாம். ஆடாசிட்டி லேபிள்களை அப்படி எழுதாது, சாப்டர் சேர்க்கும் வேறு கருவியின் உதவி வேண்டும்.

யூடியூபுக்கு இதெல்லாம் தேவையில்லை. விவரக் குறிப்பில் நேரப் பட்டியல் எழுதினால் போதும். முதல் வரி 0:00-இல் தொடங்கவேண்டும், குறைந்தது மூன்று நேரங்கள் ஏறுவரிசையில் இருக்கவேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 நொடியாவது ஓடவேண்டும். 0:00 வரியை எழுதாமல் விட்டுவிட்டு "சாப்டர் வரலை" என்று கேட்பவர்களே அதிகம். லேபிள் எழுத்துக் கோப்பின் நொடிக் கணக்கை நிமிடமாக மாற்றினால் பட்டியல் தயார். உங்கள் "வெ இருமல்" எல்லாம் அதில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

17. சாப்டர் எல்லாம் சரியாத்தான் போட்டேன். வெளியான பிறகு கேட்டா அரை நிமிஷம் தள்ளியிருக்கு. அதுவும் எனக்கு ஒரு மாதிரி, என் தம்பிக்கு ஒரு மாதிரி!

ஆளுக்கு ஆள் மாறுகிறது என்றால் உங்கள் எடிட்டில் தவறில்லை. பாட்காஸ்டை ஏற்றிவைத்திருக்கும் தளம் கேட்பவருக்கு ஏற்ப விளம்பரத்தை நடுவில் செருகுகிறது. உங்களுக்கு 30 நொடி விளம்பரம், தம்பிக்கு 45 நொடி, வெளிநாட்டில் இருப்பவருக்கு விளம்பரமே இல்லை. சாப்டர் நேரத்தோடு ஒட்டியிருக்கிறது, விளம்பரம் அந்த நேரத்துக்கு முன்னால் புகுந்தால் பேச்சு பின்னால் தள்ளப்படுகிறது.

விளம்பரத்துக்கு ஏற்ப சாப்டரையும் நகர்த்துவீர்களா என்று தளத்திடம் கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் விளம்பரத்தை நிகழ்ச்சியின் கடைசிக்குத் தள்ளச் சொல்லுங்கள், எந்தச் சாப்டரும் அதற்குப் பின்னால் வராது. விளம்பரத்தை நீங்களே வாசிக்கிறீர்கள் என்றால் இன்னும் எளிது, எடிட்டிலேயே சேர்த்துவிட்டு அதற்குப் பிறகு குறி போடுங்கள். என்னிடம் வரும் ஒரு நிகழ்ச்சியில் இரண்டும் முடியவில்லை. அதில் சாப்டர் பெயர்களை மட்டும் எழுதி, நேரத்தை எடுத்துவிட்டோம்.